அடைத்த கதவும் அன்றாடப் பாணும்

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆந் திகதி மாலை இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பாடசாலைகள் அதற்கு ஒரு வாரம் முன்னரே மூடப்பட்டிருந்தன. வீட்டினுள் அடைபட்டோர் மனங் கலங்காதிருக்கும் வழியை அறிஞர் பலர் அன்று எடுத்துரைத்தனர்: குறித்த நேரத்தில் எழுக, குறித்த நேரத்தில் உண்க, சிறிது வாசிக்க, சிறிது தோட்டவேலை செய்க. ஆசிரியராகிய நாமும் எம் மாணவருக்கு நேரசூசி வகுத்துக் கொடுத்தோம். அறிவுரை தவறானதன்று, நாளொழுங்கு மனிதனைத் தளராது காக்கும் என்பதை நாமே அநுபவித்தறிந்தோம். ஆயின் அவ்வொழுங்கு எதன்மேல் நிற்கின்றது என்று நாம் அன்று கேட்கவில்லை. மாதச் சம்பளம் தவறாது பெற்ற எமக்கு அக்கேள்வி எழாமற் போனதில் வியப்பில்லை.

இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் நானூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்துக்கு முன்னர் இக்கேள்வியை எதிர்நோக்கியது. வட இத்தாலியை அழித்துவந்த பிளேக் நோய் 1630இன் கோடையில் அந்நகரைத் தீண்டியது. கம்பளி நெசவும் பட்டு நெசவும் நலிந்து, தொழிலாளர் ஏற்கெனவே வாடியிருந்த காலமது. 1631 சனவரியில் நகரின் சுகாதார சபை பொதுத் தனிமைப்படுத்தலை விதித்தது. நாற்பது நாள் வீட்டை விட்டு வெளியேறலாகாது என்பது கட்டளை. கூலி இல்லாத வீட்டில் நாற்பது நாள் எவ்வாறு கழியும்? சபையார் இதனை எண்ணிப் பார்த்தனர் என்பதே எம்மைக் கவர்ந்த செய்தி. ஏறக்குறைய 75,000 மக்கள் வாழ்ந்த நகரில் 30,000இற்கு மேற்பட்டோருக்கு உணவும் விறகும் வாசலுக்கே சென்றன. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இரண்டு பாண், அத்துடன் சிறிதளவு திராட்சை மது. ஞாயிறு, திங்கள், வியாழன் ஆகிய நாட்களில் இறைச்சி. செவ்வாய்க்கிழமை மிளகும் பெருஞ்சீரகமும் சேர்த்த சொசேஜ். ஏனைய நாட்களில் அரிசியும் பாற்கட்டியும். வெள்ளிக்கிழமைகளில் இனிப்பும் கசப்புமான கீரைகளும் சேர்ந்தன. (இன்றைய நிவாரணப் பொதிகளைக் கண்டவர்கள் இப்பட்டியலை மீண்டுமொருமுறை வாசிக்கலாம்.) தெருமுனைகளிற் பூசை நடந்தது, மக்கள் சாளரங்களில் நின்று அதிற் பங்குகொண்டனர். பாவசங்கீர்த்தனமும் வாசற்படியிலேயே கேட்கப்பட்டது. இன்று செவ்வாய், இன்று வெள்ளி என்று கிழமை தெரிந்தது. ஒரு நாள் இன்னொரு நாளிலிருந்து வேறுபட்டிருந்தது.

எனினும் மெடிச்சி வமிசத்துப் பெருங்கோமகனின் அவ்வாட்சியை நாம் மக்களாட்சியென மயங்கலாகாது. ஏழையின் குடிசையே நோயின் ஊற்று என்று கருதிய அச்சமும் அக்கொடையிற் கலந்திருந்தது. பாண் வந்த தெருவழியே காவலரும் வந்தனர். 1630 செப்டெம்பர் முதல் மறு ஆண்டுக் கோடை வரை 500இற்கு மேற்பட்ட வழக்குகள் விசாரிக்கப்பட்டன. இரு சகோதரியர், கீழ்வீட்டுப் பெண்களுடன் கூடி நடனமாடிய குற்றத்துக்காகச் சிறையிடப்பட்டனர். அந்த நடனமும் நாளைக் கழிக்கும் ஒரு வழியே. எந்த நேரசூசியிலும் அதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை. இவ்வழக்கேடுகளைக் கொண்டு அந்நகரின் கதையை வரலாற்றாசிரியர் ஜோன் ஹென்டர்சன் 2019இல் நூலாக்கினார். மிலானில் நூற்றுக்கு 46 பேர் மாண்டனர் என்றும் புளோரன்சில் ஏறத்தாழ 12 பேர் மாண்டனர் என்றும் கணக்கிடுவர். இவ்வேறுபாடு முழுவதையும் பாணுக்கே உரியதாக்க நாம் துணியோம். ஆனால் பட்டினியால் கதவைத் திறக்கவேண்டிய தேவை அங்கே குறைந்திருந்தது என்பது தெளிவு.

எமது நாட்டில் 2020இல் நிகழ்ந்ததை இதனருகில் வைத்து நோக்குவோம். வருமானங் குறைந்த குடும்பங்களுக்கு ஏப்ரிலிலும் மே மாதத்திலும் 5,000 ரூபா வீதம் வழங்கப்பட்டது. நாட்கூலி பெறும் மேசனும் மீன் சுமப்பவரும் அப்பணத்திலேயே தம் நாளொழுங்கை அமைக்கவேண்டியிருந்தது. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கோ ஊரடங்கிலிருந்து விலக்களிக்கப்பட்டது, ஏற்றுமதி தடைப்படலாகாதன்றோ! நாடு முழுவதும் வீட்டினுள் இருந்தபோது அங்கே பிரட்டுக் களம் வழமைபோற் கூடியது. 700 ரூபா அடிப்படைச் சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கப்பட்டது. நாளொழுங்கை எவரும் அவர்களுக்குப் போதிக்கத் தேவையிருக்கவில்லை. மாலையில் அவர்கள் திரும்பிய லயன் காம்பிராவில் ஒருவரையொருவர் விட்டு விலகியிருக்க இடமில்லை. அதே காம்பிராவில், நாம் அனுப்பிய நேரசூசியின்படி பாடம் கேட்கவேண்டிய பிள்ளை, வேலைக்குப் போன தந்தையின் தொலைபேசி வந்து சேரும்வரை காத்திருந்தது.