கபர் சிங் நேகி: ஒரு படைவீரரின் பெயரும் குடியும்

1915ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் வெளிவந்த இலண்டன் அரசிதழ், விக்டோரியா சிலுவை பெற்றோருள் ஒருவராக, 39ஆம் கட்வால் ரைஃபிள்ஸ் படையின் இரண்டாம் பட்டாளத்தைச் சேர்ந்த 1685ஆம் எண் வீரர் ‘கோபர் சிங் நேகி’யைக் குறிப்பிட்டது. அவரை ஈன்ற கட்வால் மலைநாட்டில் (நம் செய்தித்தாள்களின் ‘கார்வால்’ இதுவே) அவர் கபர் சிங் என்றே வழங்கப்பெறுகிறார். உரோமன் எழுத்தில் முதலுயிர் ஒகரமாக அமைந்ததால் விளைந்த வேறுபாடு இது. பொருளளவில் இது சிறியதன்று. இந்தியில் ‘கோபர்’ என்றால் சாணம். நம்மிடையே குப்பன், பிச்சை எனப் பெயரிடும் வழக்கம்போல் வடபுலத்திலும் இழிபொருட் பெயர்கள் உண்டாதலால், அரசிதழை மட்டும் கண்ட மொழிபெயர்ப்பாளர் அதனை ஐயுறவே மாட்டார். தமிழ் வரிவடிவமும் இடர் தராமலில்லை. வல்லினத்தின் ஒலிப்புடை வேறுபாட்டைக் காட்டாத நம் எழுத்தில் ‘கபர்’ என எழுதினால், அரபுவழி வந்து கல்லறையைக் குறிக்கும் சொல்லோடு அது மயங்கும். இருப்பினும் ஊரார் வழங்கும் ஒலிக்கு அணுக்கமானது அதுவேயாதலின் இங்கு அதனையே கொள்கிறேன்.

அவர் 1895 ஏப்ரல் 21 அன்று, டெஹ்ரி கட்வாலில் சம்பா என்னும் ஊரை அடுத்த மஞ்சௌர் சிற்றூரில் பிறந்தார். (இமாசலத்துச் சம்பா வேறு.) நேகி என்பது கட்வால் இராசபுத்திரரிடையே பரவலாக வழங்கும் குடிப்பெயர். அதே படையின் முதற் பட்டாளத்தைச் சேர்ந்தவரும், 1914 நவம்பரில் ஃபெஸ்துபேர் அருகே புரிந்த செயலுக்காக அதே விருதைப் பெற்றவருமான தர்வான் சிங்கும் ஒரு நேகியே. பெயரொற்றுமை கொண்டு இருவரையும் உறவினராக்கிவிடுதல் தகாது.

குடும்பப் பின்னணியில் மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. கூர்க்கர்களுடன் 1814 முதல் 1816 வரை நிகழ்ந்த போரின் விளைவாகக் கட்வால் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் வந்தது. டெஹ்ரிப் பகுதி 1949 வரை மன்னராட்சியில் இருந்தது. ஆகவே கபர் சிங் சட்டப்படி ஒரு சமஸ்தானத்தின் குடி. 1913 அக்டோபரில் அவர் சேர்ந்த படையின் தலைமையிடமாகிய லான்ஸ்டவுன், எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயரின் கட்வாலில் இருந்தது. ‘தாய்நாட்டிற்காகப் போரிட்டார்’ என்னும் வழக்கமான தொடரை இவர்க்கு எழுதுமுன் சற்றுத் தயங்க வேண்டியுள்ளது.

படையில் சேர்ந்து ஒன்றரையாண்டும் நிறையவில்லை. 1915 மார்ச் 10 காலை, பிரான்சின் நோவ் ஷாப்பெல் சிற்றூரைக் கைப்பற்றும் தாக்குதல், 35 நிமிடப் பீரங்கித் தாக்குதலுக்குப்பின் தொடங்கியது. பதுங்குகுழிகள் நேர்கோட்டில் வெட்டப்படுவதில்லை. ஒரு முனையில் நிற்பவன் முழுக் குழியையும் சுடாதிருக்க, இடையிடையே மண்திட்டு விட்டு வளைத்து வெட்டுவர். எனவே உட்புகுந்தோர் ஒவ்வொரு திருப்பத்தையும் தனித்தனியே கைப்பற்ற வேண்டும். மறுபுறம் இருப்பவன் கண்ணுக்குப் புலப்படான். துப்பாக்கிமுனை ஈட்டியும் கைக்குண்டுகளும் கொண்டு சென்ற குழுவில், ஒவ்வொரு திருப்பத்தையும் முதலாவதாகக் கடந்தவர் கபர் சிங். எதிரிகள் பின்னடைந்து சரணடைந்தனர். அப்போரிலேயே அவர் உயிர் நீத்தார். இருபதாம் பிறந்தநாளுக்கு ஆறு வாரங்கள் இருந்தன. விருதுக் குறிப்பு இவ்வளவும் கூறி, அவருடைய இறப்பை ஒரே சிறு தொடரில் முடித்துவிடுகிறது. மார்ச் 13 வரை நீடித்த இப்போரில் இந்தியப் படைப்பிரிவின் இழப்பு, இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக ஏறத்தாழ 4,200.

அவர்க்குத் தனிக் கல்லறை இல்லை. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927 அக்டோபரில் திறக்கப்பெற்ற நோவ் ஷாப்பெல் நினைவகத்தில், கல்லறையற்ற 4,700க்கு மேற்பட்ட இந்திய வீரர், தொழிலாளர் பெயர்களிடையே அவர் பெயரும் நிற்கிறது.

ஊரில் நினைவைக் காத்தவர் மனைவி சத்தூரி தேவி. (தகரத்தை இரட்டிக்காவிடில் நம் எழுத்தில் அப்பெயரும் திரியும்.) கணவர் இறந்தபோது அவர் இன்னும் சிறுமி. மறுமணம் செய்துகொள்ளாத அவர், 1981இல் மறையும்வரை அப்பதக்கத்தைத் தம் ஆடைமேல் அணிந்துவந்தார். அறுபத்தைந்து ஆண்டுகட்கு மேலாக, அரசிதழின் எழுத்தறியா மக்களுக்கு அப்பதக்கமே ஆவணமாயிற்று.

சம்பாவில் அவர்க்கு நினைவுச்சின்னம் உண்டு. அங்கு ஆண்டுதோறும் ‘கபர் சிங்’ பெயரால் மேளா நடைபெறுகிறது. அது நிகழ்வது இறந்த நாளாகிய மார்ச் 10இல் அன்று. மலைநாட்டார் பஞ்சாங்கத்தின் வைசாக மாத எட்டாம் நாளில், அதாவது அவர் பிறந்த நாளையொட்டி, ஏப்ரல் 20 அல்லது 21இல்.