அடையாற்றுப் பாலங்களும் 1,500 வராகனும்

நான் திருவண்ணாமலையிலேர்ந்து பேசுறேன். எங்க ஊர்ல மலை இருக்கு, கோயில் இருக்கு, குளம் குளமா இருக்கு. ஊருக்கு நடுவுல ஓடுற ஆறு மட்டும் கிடையாது. பௌர்ணமிக்கு கிரிவலம் வர்றவங்க 14 கிலோமீட்டர் நடக்குறாங்க, ஒரு பெரிய ஆத்துப் பாலம்கூட குறுக்க வராது. அதனாலயோ என்னவோ, பாலத்தைப் பத்தி நாங்க பெருசா யோசிச்சதே இல்லை. 2024 டிசம்பர் வரைக்கும்.

அது ஃபெஞ்சல் புயல் வந்த வாரம். டிசம்பர் 1-ம் தேதி அண்ணாமலையார் மலைச் சரிவுல மண் சரிஞ்சு ஏழு பேர் இறந்துபோனாங்க. ஊரே அந்தத் துக்கத்துல இருந்தப்போ, தெற்கே தென்பெண்ணையில இன்னொண்ணு நடந்துச்சு. சாத்தனூர் அணையிலேர்ந்து திறந்துவிட்ட தண்ணி வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரைக்கும் போச்சு. அணைக்குக் கீழ, அகரம் பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்க சுமார் 16 கோடி ரூபாயில கட்டுன பாலம் அதுல அடிச்சுட்டுப் போச்சு. செப்டம்பர்ல திறந்த பாலம். மூணே மாசம். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இனிமே சுத்திக்கிட்டுப் போகக் கூடாதுன்னுதான் அந்தப் பாலத்தையே கட்டுனாங்க.

அந்த வாரம் டீக்கடையிலயும் வாட்ஸ்அப்லயும் திரும்பத் திரும்ப ஒரு வசனம் கேட்டேன். "அந்தக் காலத்துல கட்டுன பாலமெல்லாம் பாரு, இன்னும் அப்படியே நிக்குது." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உண்மையா? அதைச் சோதிச்சுப் பாக்கணும்னா சென்னையில ஒரு சாயங்காலம் போதும். இதைக் கேக்குற உங்கள்ல பாதிப் பேரு அங்கதான் இருக்கீங்க. சைதாப்பேட்டையில ஆரம்பிச்சு, அடையாறு கூடவே கடல் வரைக்கும் போலாம்.

சைதாப்பேட்டையில நீங்க தினமும் தாண்டுற பாலத்துக்கு மறைமலையடிகள் பேரு வெச்சிருக்காங்க. அது 1960-கள்ல வந்த பாலம். அதுக்கு முன்னாடி அதே இடத்துல இருந்தது மர்மலாங் பாலம். மாம்பலம்ங்கிற பேரு ஐரோப்பியர் வாயில புகுந்து மர்மலாங்னு வெளிய வந்துருச்சு. 1726-ல கட்டுனது. கட்டுனவர் வெள்ளைக்காரக் கவர்னர் இல்லை, கோஜா பெட்ரஸ் உஸ்கான்னு ஒரு ஆர்மீனிய வியாபாரி. மணிலா வரைக்கும் கப்பல் வியாபாரம் பண்ணி சம்பாதிச்ச மனுஷன். பரங்கிமலைக்குப் போற பக்தர்கள் ஆத்தைத் தாண்டக் கஷ்டப்படக் கூடாதுன்னு சொந்தக் காசுல பாலம் கட்டினார். மலை ஏறுற படிக்கட்டும் அவர் உபயம்தான். 1751-ல சென்னையில இறந்தார், உடல் வேப்பேரியில அடக்கம். அவர் விருப்பப்படி இதயத்தை மட்டும் எடுத்து, பிறந்த ஊரான ஈரான் ஜுல்ஃபாவுக்கு அனுப்புனாங்கன்னு சொல்வாங்க. ஒருத்தர் ஒரு ஊரை எவ்வளவு நேசிச்சாலும் ஒரு துண்டு சொந்த ஊருக்குன்னு எடுத்து வெச்சிருப்பார் போல.

இதுல எனக்கு முக்கியமாப் படுறது ஒரு கணக்கு. பாலத்துக்கு உஸ்கான் செலவழிச்சது 30,000 வராகன்னு பதிவு இருக்கு. அதோட அவர் நிக்கலை. பாலத்தைப் பராமரிக்கன்னு தனியா 1,500 வராகன் ஒதுக்கிக் கொடுத்தார். கட்டுன செலவுல சரியா அஞ்சு சதவீதம். கல்லால கட்டுனா காலத்துக்கும் நிக்கும்னு அந்த மனுஷன் நம்பலை. ஆறு ஒவ்வொரு மழைக்கும் தூணுக்கு அடியில மண்ணை அரிக்கும், வளைவுல விரிசல் விழும், வருஷா வருஷம் ஒரு ஆள் போய்ப் பார்க்கணும், அந்த ஆளுக்குக் கூலி கொடுக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. 16 கோடிக்கு அதே அஞ்சு சதவீதம் போட்டா 80 லட்சம் வருது.

உடனே ஒருத்தர் கேப்பீங்க, 80 லட்சம் இருந்திருந்தா தொண்டமானூர் பாலம் தப்பிச்சிருக்குமான்னு. தப்பிச்சிருக்காது. அங்க பிரச்சினை வேற. அந்தப் பாலத்துக்கு அடியில போகும்னு கணக்குப் போட்ட தண்ணி வினாடிக்குச் சுமார் 54 ஆயிரம் கன அடின்னு அரசே விளக்கம் சொல்லுச்சு. வந்தது அதைப்போல மூணு மடங்குக்கு மேல. மேல ஒரு பெரிய அணை இருக்கிற ஆத்துல, அந்த அணை முழுசா திறந்தா என்ன வரும்ங்கிறதுதான் முதல் கேள்வியா இருந்திருக்கணும்னு எனக்குத் தோணுது. கான்கிரீட் நல்ல கான்கிரீட்டாங்கிறது அதுக்கு அப்புறம்தான். அடையாத்துக்காரங்களுக்கு இது புதுசில்ல. 2015 டிசம்பர்ல செம்பரம்பாக்கத்துலேர்ந்து 29,000 கன அடி திறந்துவிட்டப்போ, இதே சைதாப்பேட்டை பாலத்துல போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாச்சு.

மர்மலாங் பாலத்துல இன்னைக்கு மிச்சம் ஒரு கல்வெட்டுதான். ஆர்மீனியம், பாரசீகம், லத்தீன்னு மூணு மொழியில எழுதியிருக்கு. பல வருஷம் ரோட்டோரத்துல கவனிப்பாரில்லாம நின்ன கல்லு அது.

அடுத்தது, கடலுக்குக் கொஞ்சம் முன்னாடி, திரு.வி.க. பாலம். 1973-ல வந்தது. அதுக்குப் பக்கத்துலயே பழைய எல்ஃபின்ஸ்டன் பாலம். 1840-ல, எல்ஃபின்ஸ்டன் பிரபு கவர்னரா இருந்த காலத்துல கட்டுனது. இதை நீளமாப் பேச ஒண்ணுமில்லை. 130 வருஷம் வேலை செஞ்சுச்சு, பக்கத்துல புதுசு வந்தது, வண்டி ஏறுறது நின்னுச்சு. "அப்படியே நிக்குது"ன்னு சொல்றவங்க இதைப் பார்க்கணும். நிக்குதுதான், ஆனா யாரையும் சுமக்கலை.

அப்புறம் ஆறு கடல்ல சேர்ற இடம். பெசன்ட் நகர் பக்கத்துலேர்ந்து மணல்ல நடந்து போகணும். வெளிச்சம் இருக்கும்போதே போயிட்டு வந்துருங்க. அங்க இருக்கிறதுதான் உடைஞ்ச பாலம். சினிமாவுல, கல்யாண போட்டோ ஷூட்ல எல்லாம் பார்த்திருப்பீங்க. 1967-ல, முகத்துவாரத்தோட ரெண்டு பக்கக் கடலோரத்துலயும் இருந்த மீனவர்கள் சுத்தாம நேரா நடந்து போக கட்டுனது. 1977-ல நீரோட்டம் ஒரு பகுதியை இடிச்சுட்டுப் போச்சு. பத்தே வருஷம். அதுக்கப்புறம் யாரும் அதைத் திரும்பக் கட்டலை. அந்தக் காலம், இந்தக் காலம்னு பேசுறவங்களுக்கு 1967 எந்தக் காலத்துல சேரும்?

உடைஞ்சது பெரிய அதிசயமில்ல. முகத்துவாரத்துல மணல் இடம் மாறிக்கிட்டே இருக்கும், கடல் ஒரு பக்கம் தள்ளும், ஆறு ஒரு பக்கம் தள்ளும். எனக்கு உறுத்துறது, அது அப்படியே கிடக்கிறது. நமக்கு அது இப்போ அழகான இடம், செல்ஃபி எடுக்குறோம். குப்பத்து ஆளுக்கு அது போயிட்டுப் போயிட்டு வந்த வழி.

இதுக்கு நேர் எதிரா ஒரு பாலம் திருநெல்வேலியில இருக்கு. பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவுல, தாமிரபரணி மேல, சுலோசன முதலியார் பாலம். முன்னாடி அங்க படகுலதான் தாண்டணும், படகுல ஏறுறதுக்கு அடிதடியே நடக்கும். பாலம் கட்டணும், செலவுக்கு ஜனங்ககிட்ட சுங்கம் வசூலிக்கலாம்னு பேச்சு வந்தப்போ, கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா இருந்த சுலோசன முதலியார் அதெல்லாம் வேண்டாம்னு சொந்தச் சொத்தைக் கொடுத்தார்னு நெல்லைக்காரங்க இன்னைக்கும் சொல்வாங்க. மனைவியோட நகையும் அதுல போச்சாம். லண்டன் வாட்டர்லூ பாலத்தோட சாயல்ல, 11 வளைவோட 1843-ல திறந்தாங்க.

"அந்தக் காலத்துப் பாலம் பாரு"ன்னு சொல்றதுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனா 1869 வெள்ளத்துல இந்தப் பாலமும் ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துச்சு. திறந்து 26 வருஷம்தான் ஆகியிருந்துச்சு. அதை அப்படியே விட்டுட்டு ஊர் மறுபடி படகுக்குப் போகலை. 1871-ல சரிபண்ணி முடிச்சாங்க. இப்போ ஜங்ஷன் போற பஸ் எல்லாம் அது மேலதான் போகுது.