கல்வராயன் மலைத் தமிழும் திருச்சபையின் செவியும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலைக்கு ஊழியஞ் செய்யப் புறப்படும் இளம் போதகர், அங்குள்ளோரின் பேச்சு கொச்சைத் தமிழ் என்று சமவெளியார் கூறக் கேட்பதுண்டு. இக்கூற்று வரலாற்றுக்கு ஒவ்வாதது. நற்செய்திப் பணிக்கும் தடையாவது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் மலையாள மொழியினர் அல்லர். மலைவாழ்நர் என்னும் பொருளில் அப்பெயர் பெற்ற தமிழர். சேர்வராயன், கொல்லி, பச்சை, ஜவ்வாது மலைகளிலும் இவர்கள் வாழ்கின்றனர். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்னும் இவர்களது மரபுரையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்துள்ளார். இம்மரபுரை சரித்திரச் சான்றாகாது. எனினும், ஒரே தமிழ் பல மலைகளுக்குப் பிரிந்து சென்றது என்னும் நினைவு அதில் பொதிந்துள்ளது.

பிரிந்து வாழ்வோரின் பேச்சு வேறுபடுவது இயல்பு. கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவினர் கள்ளக்குறிச்சிச் சந்தையையும், மறுபுறத்தார் ஆத்தூர்ச் சந்தையையும் நாடினர். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்கள் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் 1976 வரை இருந்தன. சந்தையும் மணவுறவும் ஆட்சி எல்லையும் மக்களைப் பிரிக்குமிடத்தில் சொல்லும் பிரியும். அதே வேளையில், ஒதுங்கி வாழ்வோரிடம் பழஞ்சொற்கள் நிலைத்து நிற்பதும் உண்டு. மலைச்சரிவில் காடு திருத்திச் சாமையும் தினையும் விளைக்கும் நிலத்தைப் புனக்காடு என்கின்றனர். சங்கப் புலவர் பாடிய தினைப்புனத்தின் சொல்லன்றோ இது?

வட்டார வேறுபாட்டைத் தமிழிலக்கணம் இழித்துரைக்கவில்லை. தொல்காப்பியர் திசைச்சொல்லையும் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக வைத்தார். நம் காலத்தில் கி. கருணாகரன் கொல்லிமலைத் தமிழை ஆராய்ந்து எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. கொச்சை என்று தள்ளப்பட்ட பேச்சுக்கும் தனக்கென ஒலியொழுங்கும் சொல்லொழுங்கும் உண்டென்பதை இத்தகைய ஆய்வுகள் நிறுவின.

திருச்சபை இப்பாடத்தை முன்னரே கற்றதுண்டு. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்க், பள்ளிப் பிள்ளைகளோடு மணலில் எழுதித் தமிழ் பயின்றார். அவர் வழிவந்த லுத்தரன் மிஷனரிமாரின் தமிழைக் கடிந்துரைத்தவர் இயேசு சபையாராகிய வீரமாமுனிவர். ஆயினும், அவர் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகமே! மக்களின் பேச்சை அறியும் தேவை சபைப் பூசலை வென்றது. பின்னர், கொல்லிமலையில் கணவரோடு ஊழியஞ் செய்த ஈவ்லின் பிராண்ட் அம்மையார், ஓய்வு பெற்ற பின்னும் கல்வராயன் முதலிய மலைகளில் மக்களோடு வாழ்ந்து, 1974இல் தமது 95ஆம் வயதில் மறைந்தார்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் மிந்தனாவோ தீவிலுள்ள பிலான் மக்களிடையே கோரொனடால், சாரங்கானி என்னும் இரு வழக்குகள் பெரிதும் வேறுபட்டமையால் இரண்டிலும் தனித்தனியே புதிய ஏற்பாடு மொழிபெயர்க்கப்பட்டது. கல்வராயன் மலைக்கு வேறொரு வேதாகமம் வேண்டுமென்பது நம் கருத்தன்று. இங்கு வேண்டுவது கேட்கும் செவியே.

யோர்தான் துறைகளில் ஒரே ஒரு சொல்லின் உச்சரிப்பு மாறியதற்காக எப்பிராயீமர் வெட்டுண்டனர். பேதுருவின் கலிலேயப் பேச்சு அவரைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் பெந்தெகொஸ்தே நாளில் அவரவர் பிறந்த மொழியே தேவனுடைய மகத்துவங்களை அறிவிக்கும் மொழியாயிற்று. மலைச் சிறுவன் ஜெபிக்கத் தொடங்குகையில் நாம் அவன் சொல்லைத் திருத்தினால், அவன் அடுத்த முறை வாய் திறவான். அவனைத் திருத்துமுன் யோர்தான் துறையில் நிற்கிறோமா, எருசலேமின் மேல்வீட்டில் நிற்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.