பினாங்கில் பயின்ற பல் தாதியர்

இந்தியாவும் மலாயாக் கூட்டரசும் பல் வைத்தியரைப் பதிவு செய்வதற்குச் சட்டம் இயற்றிய ஆண்டு ஒன்றே, அது 1948. இரு சட்டங்களும் ஒரே சங்கடத்தில் பிறந்தவை. பட்டம் பெற்ற பல் வைத்தியர் மிகச் சிலர். பட்டமின்றித் தந்தையிடமோ முதலாளியிடமோ தொழில் கற்றுக் கடைத்தெருவில் பல் பிடுங்கியும் தங்கப்பல் கட்டியும் வந்தவரோ பலர். இவர்களை ஒரே நாளில் விலக்கினால் மக்கள் பல்வலியோடு எங்கே போவார்கள்? ஆகவே பழந்தொழிலாளரை இரண்டாம் பிரிவில் பதிந்துகொண்டு, இனி அவ்வழியில் புதிதாக எவரும் வரலாகாது என்று கதவை அடைத்தார்கள். இந்தியச் சட்டத்தின் ‘ஆ’ பிரிவும் மலாயாச் சட்டத்தின் இரண்டாம் பிரிவும் இந்த ஏற்பாடுதான்.

கதவை அடைத்தது எளிது. அடைத்த இடத்தில் யாரை நிறுத்துவது என்பதே கேள்வி. சிங்கப்பூரிலிருந்த ஏழாம் எட்வர்டு அரசர் மருத்துவக் கல்லூரியில் 1929 முதலே பல் மருத்துவம் கற்பிக்கப்பட்டு வந்தது. எனினும் அங்கிருந்து ஆண்டுதோறும் வெளிவந்தவர் தொகை மலாயாவின் தேவைக்கு உறைபோடக் காணாது. வந்தவரும் பெரும்பாலும் பட்டணங்களையே நாடினர். ஜார்ஜ் டவுனிலிருந்து பாயான் லெப்பாஸ் பத்துக் கல் தொலைவுக்கு மேற்பட்டதன்று. 1935 முதல் அங்கே விமான நிலையமும் இருந்தது. ஆயினும் வயலையும் மீன்பிடிப்பையும் நம்பிய அப்பகுதிக் குடும்பம் ஒன்று, பிள்ளையின் பாற்பல்லில் விழுந்த சொத்தைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வைத்தியரைத் தேடிப் பட்டணம் போகும் என்று எதிர்பார்ப்பது வீண். தோட்டப்புறங்களின் நிலை இதனினும் கேவலம்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி நியூஸிலாந்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் அந்நாட்டுப் படையின் பல் மருத்துவப் பிரிவை நடத்தியவர் தாமஸ் ஹண்டர். படைக்கு வந்த இளைஞரின் வாய்கள் சீரழிந்து கிடந்ததைக் கண்ட அவர், நோயை அதன் வேரிலேயே, அதாவது பள்ளிப் பருவத்திலேயே, பிடிக்கவேண்டும் என்று கருதினார். அதற்கு வேண்டிய அளவு வைத்தியர்கள் இல்லை. ஆகவே இளம் பெண்களைத் தேர்ந்து, சிறுவர் பற்களில் சொத்தையைச் சுரண்டி அடைப்பதையும், வேண்டியபோது பிடுங்குவதையும் மட்டும் ஈராண்டு பயிற்றிப் பள்ளிகளுக்கு அனுப்பலாம் என்றார். 1921-இல் வெல்லிங்டனில் பயிற்சி தொடங்கியது. காலால் மிதித்து ஓட்டும் துளைப்பொறியோடு அப்பெண்கள் ஊர் ஊராகச் சென்றனர். நியூஸிலாந்துச் சிறுவர்கள் அச்சிகிச்சைக் கூடங்களுக்கு இட்ட பெயர் ‘கொலைவீடு’ என்பது. பெயர் எப்படியிருப்பினும் வேலை நடந்தது. 1951-இல் உலக சுகாதார நிறுவனம் ஜான் புல்டன் என்பவரைக் கொண்டு இம்முறையை ஆராய்ந்து தனி நூலே வெளியிட்டது.

அந்நூல் வெளிவருவதற்கு முன்னரே பினாங்கு இம்முறையைக் கைக்கொண்டுவிட்டது. 1940-களின் இறுதியில் இத்தீவில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. நியூஸிலாந்துக்கு வெளியே இம்முறை முதலில் வேரூன்றிய இடங்களுள் இதுவும் ஒன்று. மலாயாவில் பயிற்சிக் காலம் மூன்று ஆண்டுகளாக நீட்டப்பட்டது. சிங்கப்பூர் முதலிய அண்டை நாடுகளும், தமக்கெனப் பள்ளி அமைத்துக்கொள்ளும்வரை, தம் பெண்களை இங்கே அனுப்பின. இலங்கையும் 1950-களில் கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூஸிலாந்தின் உதவி பெற்று மகரகமையில் இத்தகைய பள்ளியை நிறுவிக்கொண்டது. இந்தியா மட்டும் இவ்வழியில் வரவில்லை. அதன் சட்டம் பல் சுத்தம் செய்வோரையும் பல் கட்டும் தொழிலாளரையும் ஏற்றதேயன்றி, துளைப்பொறியைத் தாதியின் கையில் கொடுக்க ஒப்பவில்லை.

ஒப்பாதது இந்தியா மட்டுமன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1949-இல் இத்தகைய சோதனை ஒன்றுக்குச் சட்டம் செய்தது. பல் வைத்தியர் சங்கங்களின் கூக்குரலுக்கு அஞ்சி மறு ஆண்டே அதனை நீக்கிவிட்டது. வைத்தியர்களின் அச்சத்தில் நியாயம் அறவே இல்லை என்று தள்ளிவிட முடியாது. அரைகுறைக் கல்வியால் விளையும் தீங்கைக் கடைத்தெருப் பல் வைத்தியத்தில் அவர்கள் கண்ணாரக் கண்டவர்கள். ஆயினும் பினாங்குத் தாதியின் கல்வி அரைகுறையானதன்று, அளவிடப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணராததால்தான் அச்சண்டை பல நாடுகளில் ஓயாமல் நடந்தது.

மலாயாவில் சண்டை மூளாமைக்குக் காரணம், தாதியைச் சுற்றி எழுப்பிய வேலியே. அவள் சிறுவரையன்றிப் பெரியவரைத் தொடலாகாது. வைத்தியரின் மேற்பார்வையில் இருக்கவேண்டும். அரசாங்கப் பணியிலன்றித் தனியே தொழில் நடத்தலாகாது. 1971-ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டமும் இவ்வேலியைக் காத்தது. அச்சட்டத்தின் பதிவேட்டில் வைத்தியருக்கு இடமுண்டு, தாதிக்கு இல்லை. நாட்டின் பள்ளிப் பிள்ளைகளின் வாயை நாள்தோறும் கவனித்து வந்தவளின் பெயர் தொழிலின் ஏட்டில் இல்லை என்பது விந்தைதான்.

வேலி அவளுடைய வேலையைக் காத்தது. அவள் அறிவைக் காக்கவில்லை. பதினெட்டு வயதில் 1952-இல் பயிற்சிக்குச் சேர்ந்த ஒருத்தி, அக்கால விதிப்படி ஐம்பத்தைந்தில் ஓய்வு பெறும் ஆண்டு 1989. இடையில் என்னென்ன மாறின! அவள் கற்றது, வெள்ளியும் பாதரசமும் கலந்த கலவையைக் கொண்டு அடைப்பது. அது பிடித்து நிற்பதற்காகச் சொத்தையில்லாத பகுதியையும் சேர்த்துக் குடைவது. 1970-களில் பல்லோடு தானே ஒட்டி நின்று புளூரைடையும் கசியவிடும் கண்ணாடி அயனோமர்ச் சாந்து வந்தது. பற்பள்ளங்களைச் சொத்தை விழுமுன்பே பூசி மூடும் முறையும் வந்தது. நல்ல பல்லைக் குடையாதே என்பது புதிய பாடம். பழைய பாடத்தின் நேர் எதிர். 1980-களில் எயிட்ஸ் நோய் வெளிப்படவே, வெறுங்கையால் வாயைத் தொடுவதே பிழை என்றாயிற்று.

நாட்டிலும் நிலை மாறிற்று. 1972-இல் குடிநீரில் புளூரைடு சேர்ப்பது நாடு முழுவதற்குமான கொள்கையாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் பாயான் லெப்பாஸ் வயல்களில் தடையற்ற வாணிப மண்டலம் எழுந்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் இளம் பெண்களை ஆயிரக்கணக்கில் அழைத்துக்கொண்டன. பள்ளிப்படிப்பு முடித்த பினாங்குப் பெண்ணுக்குத் தாதித் தொழிலும் ஆசிரியத் தொழிலும் அன்றி வேறு வழியும் திறந்தது. அவ்வழியினளுக்கு இயந்திரம் மாறுந்தோறும் தொழிற்சாலையே புதுப் பயிற்சி அளித்தது. இயந்திரத்தைச் சும்மா நிறுத்தி வைக்க முதலாளிக்குக் கட்டாது. பல்லைப் பொறுத்தவரை அத்தகைய அவசரம் எவருக்கும் இருந்ததில்லை. பழைய முறையில் அடைத்த பல்லும் சில ஆண்டுகள் நிற்கத்தான் செய்யும். பிழை வெளிப்படும்போது பிள்ளை பள்ளியை விட்டுப் போயிருக்கும்.

ஆகவே தொடர்கல்வி மெல்லத்தான் வந்தது. பினாங்குப் பள்ளி கல்லூரியாக வளர்ந்து, தாதியரோடு வைத்தியரின் உதவியாளரையும் பல் கட்டும் தொழில்நுட்பரையும் பயிற்றத் தொடங்கியது. பல காலம் பணியாற்றியவர் திரும்பிவந்து ஈறுநோய், சிறுவர் பல் மருத்துவம் போன்ற துறைகளில் மேற்பயிற்சி பெறவும் வகை செய்யப்பட்டது. இங்கேதான் வேலி முதன்முதலில் அசைந்தது எனலாம். மேற்பயிற்சி பெற்றவளிடம், முன்பு வைத்தியருக்கே உரியதாயிருந்த சில வேலைகள் ஒப்படைக்கப்பட்டன. ‘தாதி’ என்ற பெயரும் போய் ‘பல் சிகிச்சையாளர்’ என்று பொருள்படும் மலாய்ப் பெயர் வழங்கலாயிற்று.

2018-ஆம் ஆண்டு மலேசியா புதிய பல் மருத்துவச் சட்டம் இயற்றியது. 2022 ஜனவரி முதல் நாளன்று அது நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டம் விட்டுவிட்ட பெயர் இதன் பதிவேட்டில் ஏறிற்று. தொழில் நடத்தும் சான்றிதழைப் புதுப்பிக்க விரும்பும் வைத்தியர் தாம் தொடர்ந்து கற்றுவருவதற்குப் புள்ளிக்கணக்குக் காட்டவேண்டும் என்பது இச்சட்டத்தோடு வந்த மாற்றம். தாதியர் வழிவந்த சிகிச்சையாளரும் இப்போது அதே மன்றத்தின் ஆளுகையில் இருக்கின்றனர்.