ஐந்து சென்டிமீட்டர்

தேக்காவில் பஃபலோ சாலையும் கெர்பாவ் சாலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் எருமைதான், ஒன்று ஆங்கிலத்தில், இன்னொன்று மலாயில். எருமை இப்போ பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கு. நகரம் பெருகப் பெருக விலங்குகள் வெளியேறின. நாய் போகவில்லை, வீட்டுக்குள் வந்தது. அதனால் அதற்குச் சட்டமும் வந்தது.

முதல் காரணம் உயிர்ப்பயம். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிது. 1953 முதல் சிங்கப்பூரில் அந்த நோய் இல்லை. நாய்க்கு உரிமம், இறக்குமதிக் கட்டுப்பாடு எல்லாம் ஏன் என்று கேட்டால், இந்த ஒரு வரியே பதில்.

1960இல் வீவக உருவானது. அடுக்குமாடிகள் எழ எழ, நோயோடு மின்தூக்கியும் பொது நடைபாதையும் பிரச்சினையாயின. நாயைக் கண்டு பயப்படுகிறவர்கள், சமயக் காரணத்தால் அதன் எச்சில் படக்கூடாது என்பவர்கள் எல்லாரும் ஒரே தளத்தில் வாழணும். அது நியாயமான கவலைதான். வீவக கண்ட தீர்வு, வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் 62 சிறிய இனங்களின் பட்டியலிலிருந்து.

பட்டியலில் சிவாவா உண்டு. அதன் பூர்வீகம் மெக்சிகோ. 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாக அழைக்கப்படும் உள்ளூர்க் கலப்பின நாய்க்கு இடமில்லை. மக்களில் பெரும்பாலோர் வீவக வீடுகளில் வாழும் ஊரில், உள்ளூர் நாய்க்கு வீடில்லை என்றுதானே அர்த்தம்?

2012இல் 'அடோர்' திட்டம் கதவைக் கொஞ்சம் திறந்தது. மீட்கப்பட்ட கலப்பின நாயை வளர்க்கலாம், உயரம் 50 சென்டிமீட்டர், எடை 15 கிலோவுக்குள் இருந்தால். 2020இல் எடை வரம்பு போனது, உயரம் 55 ஆனது. எட்டு வருஷத்தில் ஐந்து சென்டிமீட்டர்!

ஆனால் அந்தத் திட்டத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. கருத்தடை, மைக்ரோசிப், அடிப்படைப் பயிற்சி ஆகியவை கட்டாயம். இவை உரிமையாளரின் பொறுப்பைச் சோதிப்பவை. பூனை விஷயத்திலும் இதுவே நடந்தது. வீவக வீடுகளில் 1989இல் வந்த தடை 2024இல் நீங்கி, உரிமமும் மைக்ரோசிப்பும் வந்தன.

பொறியாளர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, எது அளக்கச் சுலபமோ அதை அளப்பது. உயரத்தை அளக்க ஒரு டேப் போதும். ஆனா ராத்திரியெல்லாம் குரைத்து அண்டை வீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுக்கும் 20 சென்டிமீட்டர் நாய் சட்டப்படி உள்ளே இருக்கு. சாதுவான 56 சென்டிமீட்டர் நாய் வெளியே நிற்கிறது.