சிறகு முளைத்த புலி

நம் மலேசிய நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பகாவ் வட்டாரத் தோட்டங்களில், விடியுமுன் பால்மரம் சீவப் போனவர்கள் புலிக்கு அஞ்சி நடந்த காலமும் உண்டு. இன்று நாம் பேசப்போவது வேறொரு புலியைப் பற்றி. அதற்குச் சிறகுகள் உண்டு. அது பிறந்த இடம் காடன்று. கார்ட்டூன் படம் எடுக்கும் ஒரு நிலையம்.

1937 முதல் ஜப்பான் சீனாவோடு போரிட்டு வந்தது. சீனாவுக்கு உதவ, கிளேர் செனால்ட் என்ற முன்னாள் அமெரிக்க விமானப்படை அதிகாரியின் தலைமையில் 1941-இல் சுமார் 100 விமானிகள் பர்மாவுக்கு வந்தனர். தொண்டர் படை என்று பெயர். ஆனால் நல்ல சம்பளம்! தவுங்கூவில் பயிற்சி நடந்தது. வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் விமானங்களின் மூக்கில் சுறாமீன் வாய் தீட்டியிருந்த படமொன்றை ஒரு பத்திரிகையில் பார்த்து, இவர்களும் அப்படியே தீட்டிக்கொண்டனர். பிரிட்டிஷாரோ அதை ஜெர்மானிய விமானங்களைப் பார்த்துத் தீட்டியவர்கள். பகைவனிடம் கடன் வாங்கிய பல்!

முகப்பில் சுறா இருக்க, பெயர் மட்டும் ‘பறக்கும் புலிகள்’ என்றாயிற்று. வாஷிங்டனில் சீனாவுக்குத் தளவாடம் வாங்கித் தந்த அலுவலகம், சின்னம் வேண்டுமென்று வால்ட் டிஸ்னியின் நிலையத்தைக் கேட்டது. வெற்றியைக் குறிக்கும் ‘வி’ என்ற ஆங்கில எழுத்தின் ஊடே, சிறு சிறகுகளோடு பாயும் புலியை ஓவியர்கள் வரைந்தனர். அவர்களுக்கு இது புதிதன்று. டார்பீடோ மீது சவாரி செய்யும் கொசு ஒன்றை 1940-இலேயே அமெரிக்கக் கடற்படையின் விரைவுப் படகுகளுக்கு வரைந்து தந்திருந்தனர். போர் முடிவதற்குள் 1,200-க்கு மேற்பட்ட சின்னங்கள், காசு வாங்கவில்லை. படையினர் மிகுதியாகக் கேட்டது டொனால்ட் வாத்தைத்தான். சாகப்போகிறவன் சிரிக்க விரும்பினான் போலும்.

புலிப்படம் வந்து சேருமுன்பே சண்டை தொடங்கிவிட்டது. 1941 டிசம்பர் 23-இல் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு பொழிந்தனர். சுறாவாய் விமானங்கள் மேலே எதிர்த்துப் போரிட்டன. கீழே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஏராளம். 1942 மார்ச் 8-இல் நகரம் வீழ்ந்தது. நம்மவர்கள் லட்சக்கணக்கில் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டனர். பலர் மலையும் காடும் கடந்து கால்நடையாக. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் பல்லாயிரம். அவ்வாண்டு ஜூலை 4-இல் ‘பறக்கும் புலிகள்’ குழுவும் கலைக்கப்பட்டது.

அதே போரில் இன்னொரு புலியும் பாய்ந்தது. ஜெர்மனியில் நேதாஜி அமைத்த இந்தியப் படையணியின் வீரர்கள், மூவர்ணத்தின் மேல் பாயும் புலியைக் கைச்சட்டையில் அணிந்தனர். திப்பு சுல்தானின் புலியை நினைத்து அதைக் கொண்டதாகச் சொல்வர். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த நம் இளைஞர்களும், ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த நம் பெண்களும் வணங்கிய கொடியில் புலி இல்லை; மூவர்ணத்தின் நடுவே ராட்டை இருந்தது.