பிரெசிலாக், மெல்கியோர் தெ மரியோன் (1813–1859)

கோயம்புத்தூர்க் கத்தோலிக்கத் திருச்சபையின் முதல் ஆயர். ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையை நிறுவியவர். தென் பிரான்சின் காஸ்தெல்நோதாரியில் 1813 டிசம்பர் 2 அன்று பிறந்தார். தந்தை பொறியாளர், மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். 1838இல் குருவாகி, 1841இல் தந்தையின் விருப்பத்தை மீறிப் பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபையில் சேர்ந்தார். மறு ஆண்டு புதுச்சேரி வந்து இறங்கினார்.

அவர் பொறுப்பேற்ற பணித்தளத்தின் முன்வரலாறு நீண்டது. 17ஆம் நூற்றாண்டில் கொங்கு நாட்டில் கிறிஸ்தவம் பரப்பியவர்கள் மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபையினர். சந்தனம், பூணூல் முதலிய உள்ளூர் வழக்கங்களைக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர்களுள் ஒருவரான ராபர்ட் தெ நொபிலி வகுத்த வழி. அதை எதிர்த்து எழுந்த பூசல் ‘மலபார்ச் சடங்குப் பூசல்’ எனப்பட்டது. 1704இல் திருத்தந்தையின் தூதர் துர்னோன் பல வழக்கங்களைத் தடைசெய்தார். 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் அத்தடையை உறுதிப்படுத்தினார். 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டதும், தமிழகப் பணித்தளங்கள் பாரிஸ் சபையிடம் சென்றன. ஆனால், ஆயர்களை முன்மொழியும் உரிமை போர்ச்சுகல் அரசருக்கே உண்டு என்று போர்ச்சுகல் ஆட்சியிலிருந்த கோவாவின் குருக்கள் வாதிட்டனர். இதனால் ஒரே ஊரில் இரு தரப்புக் குருக்கள் மக்களைப் பங்குபோட்டுக்கொண்ட அவலமும் நேர்ந்தது. போர்ச்சுகல் ஆட்சிக்கு உட்படாத இடங்களில் உரோமை நேரடியாக நியமித்தவர்களே திருத்தந்தையின் பதிலாள்கள். இவர்கள் ஆயர் பட்டத்தை அழிந்துபோன ஏதேனும் பழைய மறைமாவட்டத்தின் பெயரில் பெறுவார்கள். அவ்வாறு பிரெசிலாக்குக்குக் கிடைத்த பெயர் சிற்றாசியாவின் புரூசா.

1844ஆம் ஆண்டுப் புதுச்சேரி மாமன்றத்தில் சுதேச குருக்களை உருவாக்குவதே முதற்பணி என்று முடிவாயிற்று. 1845இல் உரோமையும் அதையே கட்டளையிட்டது. இதைப் பிரெசிலாக் அளவுக்கு உளமார ஏற்ற ஐரோப்பியர் அக்காலத்தில் அரிது. புதுச்சேரிக் குருமடத்தின் தலைவராக இருந்த அவர், 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் புதுச்சேரி ஆயர் பொன்னான் கையால் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சோமனூருக்கு அருகிலுள்ள அவ்வூரையே தலைமையிடமாக்கி, குருமடமும் தொடங்கினார். தமிழ் மாணவர்கள் துணைக்குருக்களாகவே நின்றுவிடாமல் ஆயர்களாகவும் உயர வேண்டும் என்பது அவருடைய உறுதி. உடன் உழைத்த பிரெஞ்சுக் குருக்கள் பலருக்கு அது பொறுக்கவில்லை.

சாதி வழக்கங்களில் எவற்றை அனுமதிப்பது என்ற கேள்வி அவர் மனச்சான்றை வாட்டியது. உரோமையிடம் தெளிவான விடை கேட்டும் கிடைக்கவில்லை. 1855இல் அவர் பதவி விலகினார். இதை ஆயரின் தோல்வியாகக் கருதுவது தவறு. அவரைத் தனியே விட்டது திருச்சபைதான்.

1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரின் ஃபூர்வியேர் குன்றில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவின் தகோமி நாட்டுக்குப் போக விரும்பியவரை உரோமை சியரா லியோனுக்கு அனுப்பியது. 1859 மே மாதம் அங்குள்ள ஃப்ரீடவுன் சேர்ந்து, மஞ்சள் காய்ச்சல் கண்டு ஜூன் 25 அன்று இறந்தார், வயது 45. உடன் சென்ற தோழர்களும் அந்நோய்க்குப் பலியாயினர். பிரான்சில் இருந்த அவருடைய உடன்பணியாளர் அகுஸ்தேன் பிளாங்க் சபையைக் காத்தார்.

கோயம்புத்தூர் 1886இல் மறைமாவட்டமாயிற்று. 2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் பிரெசிலாக்கை ‘வணக்கத்துக்குரியவர்’ என அறிவித்தார்.